எடை பார்ப்போம், எடை போட வேண்டாம்

நெல் விளையும் தஞ்சை மண்ணில் பிறந்த நமக்குத் தராசு புதிதன்று. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தராசில் ஏறும்போது, நம் தந்தையர் கண்கொட்டாமல் பார்த்து நிற்பார்கள். ஒரு கிலோ தவறினாலும் உழைப்புக்கு இழப்பு அல்லவா? ஆனால் நம் உடலை நிறுத்துப் பார்க்கும்போது அந்தக் கவனம் எங்கே போகிறது?

வகுப்பில் எடை பார்த்த நாளன்று, எங்கள் தோழி ஒருத்தியின் எடையைக் கேட்டு நாங்கள் சிரித்துவிட்டோம். மறுநாள் முதல் அவள் காலை உணவைத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்துக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கருவி யாரும் ஏறாதபோதே 3 கிலோ காட்டியது என்று! கருவி சரியாக இருந்திருந்தாலும் எங்கள் சிரிப்பு தவறுதான்.

கடைத் தராசைச் சோதித்து முத்திரையிட 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. வீட்டுக் கருவியை நாமே சோதிக்க வேண்டும். பாயின்மேல் வைக்காமல் சமமான கெட்டித் தரையில் வைக்க வேண்டும். ஏறுமுன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் தனியாகவும், பிறகு பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையுடனும் ஏறினால், வேறுபாடு ஏறக்குறைய 10 கிலோ இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, காலையில், உண்ணுமுன் பார்ப்பது போதும்.

ஈர நெல் கனக்கும். காய்ந்தால் எடை குறையும். அதனால்தான் கொள்முதலில் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் உடலும் அப்படியே. நீராலும் உணவாலும் ஒரே நாளில் ஒரு கிலோ கூடலாம், குறையலாம். அதற்காக மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை சரிவர ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு தந்தார்கள். அங்கே தராசு யாரையும் பழிக்கவில்லை; யாருக்கு உதவி தேவை என்று காட்டியது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் மிகை எடை கொண்டவர்கள். 12 பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். ஆகவே எடை பார்ப்பது அவசியமே. ஆனால் வளரும் பருவத்தில் எடை ஏறுவது இயற்கை. வயதையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார், பட்டினி மருந்தாகாது.

அன்புத் தோழியரே! சரியான கருவியில் நம் எடையைப் பார்ப்போம். பிறர் எடையை உரக்கப் படிக்காதிருப்போம். பெற்றோரும் ஆசிரியரும் இதற்குத் துணை நிற்க வேண்டுகிறோம். தராசு நம் எடையைத்தான் சொல்லும். நம் மதிப்பைச் சொல்லாது.