சைக்கிள் பாதுகாப்பு ஸ்டிக்கர்: அது யாரிடம் பேச வேண்டும்?

‘பிரசவத்திற்கு இலவசம்’. சென்னை ஆட்டோ முதுகில் இந்த வரியைப் படிக்காதவர் இருக்க முடியாது. இரண்டே வார்த்தை. யாருக்கு, என்ன என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. சைக்கிள் பாதுகாப்புக்கு ஸ்டிக்கர் வடிவமைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆட்டோ முதுகைத்தான்.

வழக்கமான ஸ்டிக்கர் எப்படி இருக்கும்? ஹெல்மெட் போட்ட இளைஞர், ஒரு பச்சை இலை, ‘பாதுகாப்பாக ஓட்டுவோம்’ என்ற வாசகம். பார்க்க அழகு. ஆனால் ரோட்டில் எதுவும் மாறாது. காரணம், அது இடிபடுபவரிடம் பேசுகிறது. இடிப்பவரிடம் பேசவில்லை.

லண்டன் கற்ற பாடம்

லண்டனில் பஸ், லாரி, வேன்களின் பின்னால் ‘சைக்கிள்காரர்களே, பின்னால் நில்லுங்கள்’ என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. விபத்து நடந்தால் தப்பு சைக்கிள்காரர் மேல்தான் என்பதுபோல இருக்கிறதே என்று சைக்கிள் அமைப்புகள் எதிர்த்தன. 2014-ல் வாசகத்தை மாற்ற நகரப் போக்குவரத்து அமைப்பு ஒப்புக்கொண்டது. ‘ஓட்டுநருக்குத் தெரியாத பகுதி, கவனம்’ என்பது புதிய வாசகம். அதட்டல் போய் தகவல் வந்தது.

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 4,800-க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். அவர்களைப் பார்த்து ‘கவனமாகப் போங்கள்’ என்று மட்டும் சொல்வது நியாயமா?

ஒரு கதவு, ஒரு செகண்ட்

பாண்டி பஜார், லஸ் முனை, அடையாறு எல்.பி. ரோடு என எங்கே பார்த்தாலும் இதே காட்சிதான். ஓரத்தில் இடமில்லாமல் கேப் நடுரோட்டிலேயே நிற்கும். போனில் பேமெண்ட் பார்த்தபடியே பயணி இடது கதவைத் திறப்பார். சைக்கிள் வருவதற்கு மிச்சமிருக்கும் வழியே அந்த இடது பக்க இடுக்குதான். ஓரமாக நிறுத்திய காரின் வலது கதவு திடீரெனத் திறந்தால் இன்னும் ஆபத்து. சைக்கிள்காரர் விழுவது பின்னால் வரும் பஸ்ஸின் முன்னால்.

இதற்கு ‘டச் ரீச்’ என்றொரு சுலபமான பழக்கம் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்துக் கையை விட்டுவிட்டு அடுத்த கையால் திறப்பது. இடது கதவுக்கு வலது கை, வலது கதவுக்கு இடது கை. அவ்வளவுதான். உடம்பு தானாகத் திரும்பும், கண்ணும் பின்னால் போகும். பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதித் தொகுப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டது.

ஆக, ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய இடம் காரின் உள்ளே, கதவு ஹேண்டிலுக்கு மேலே. உள்ளங்கை அளவு போதும். ஒரு கை, ஒரு அம்புக்குறி, பின்னால் ஒரு சைக்கிள். எழுத்து வேண்டுமென்றால் ‘திரும்பிப் பார்’. தமிழ் படிக்கத் தெரியாத பயணிக்கும் படம் புரியும். 1960-களில் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

படத்தில் யார்?

ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை பறக்கும் கியர் சைக்கிள் மட்டும் போதாது. கேரியரில் டீ கேன் கட்டியவர், பேப்பர் போடும் பையன், அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பிளஸ் ஒன் மாணவி, நைட் டியூட்டி முடிந்து திரும்பும் வாட்ச்மேன். மயிலாப்பூரில் விடியற்காலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் இவர்கள்தான். தினமும் பார்க்கும் முகம் படத்தில் இருந்தால்தான் கை ஒரு நொடி நிற்கும். அந்த வாட்ச்மேன் சைக்கிளின் மட்கார்டுக்கு ஓவியம் தேவையில்லை, வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் போதும்.

ஸ்டிக்கர் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. இன்றும் தி.நகரில் தொடர்ச்சியாக ஒரு சைக்கிள் பாதை இல்லை. மெட்ரோ தடுப்புகள் இருக்கிற ரோட்டையும் பாதியாக்கிவிட்டன. சைக்கிள் பாதை போட கோடிகள் வேண்டும், ஸ்டிக்கர் சில ரூபாயில் முடியும். அதனாலேயே ஸ்டிக்கர் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

ஆனால் பாதை வரும்வரை கதவுகள் திறந்துகொண்டேதான் இருக்கும். டிசைன் சரியா என்று பார்க்க பெரிய சர்வே தேவையில்லை. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் ஒருவரைக் காரிலிருந்து இறங்கச் சொன்னால் போதும். கை மாறினால் டிசைன் பாஸ்.