முதுமைக்கு மூலையா?

"எங்கே புறப்பட்டீர்கள், அப்பா?"

"உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப் போகிறது. தெருமுனைவரை நடந்துவிட்டு வருகிறேன்."

"இந்த வயதில் நடை ஒன்றுதான் கேடா? விழுந்து வைத்தால் யார் பார்ப்பது? பேசாமல் உட்காருங்கள்!"

தோழனே! மேடைக்காக நான் புனைந்த காட்சியன்று இது. வீட்டுக்கு வீடு, நாள்தோறும் அரங்கேறும் நாடகம்! பேசுபவன் கொடியவன் அல்லன். தந்தைமீது பாசம் கொண்ட மகன்தான். அந்தப் பாசமே விலங்காகிவிட்டது! குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய தோளைத் திண்ணை மூலையில் சாத்தி வைத்துவிட்டது. ஓராண்டு கழித்து, அந்தப் பெரியவர் எழ முயன்று தடுமாறும்போது, "வயதாகிவிட்டது, எல்லாம் தலைவிதி!" என்று ஊரே பெருமூச்சு விடுகிறது.

தலைவிதியா? எழுதியவன் எவன்? எழுந்தவரை உட்கார வைத்தானே, அவன் எழுதிய விதி அது!

விதியின் முகத்திரையைக் கிழித்த ஆய்வொன்று 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. பாஸ்டன் நகரின் முதியோர் இல்லமொன்றில் தளர்ந்திருந்த பத்துப் பேர். சராசரி வயது 90. எட்டே வாரங்கள், உரிய மேற்பார்வையில், கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி தந்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது! தொண்ணூறிலும் தசை கேட்கிறது, தோழனே, கட்டளையிடத்தான் ஆளில்லை!

"விழுந்துவிடுவாரே" என்கிறாயா? அஞ்ச வேண்டியதுதான். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிர் இழக்கிறார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது; அவர்களில் பெரும்பங்கினர் முதியோர். ஆனால், முடக்கி வைத்தால் கால் மேலும் தளரும்; தளர்ந்த கால்தான் எளிதில் இடறும்! நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த மதிப்பீடு, பயிற்சி செய்யும் முதியோர் விழுவது 23 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது.

என்ன பயிற்சி? குதிக்க வேண்டாம், ஓட வேண்டாம். மூட்டை அதிர வைக்காத நடை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல். ஒற்றைக் காலில் சற்றே நிற்றல். வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான இயக்கம், மூன்று நாட்களேனும் சமநிலைப் பயிற்சி என்று 2020இல் வகுத்துரைத்தது அதே நிறுவனம். நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள்: கணக்கு நேராகிவிட்டது! இயலாதவர் இயன்றதைச் செய்யட்டும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்தட்டும், மருத்துவரைக் கேட்கட்டும்.

"ஐம்பது ஆண்டு நாற்று நட்டவள் என் தாய், அவளுக்கு எதற்கு உடற்பயிற்சி? அது சீமான்களின் பொழுதுபோக்கு" என்பாரும் உண்டு. குனிந்து குனிந்து அவள் முதுகு தேய்ந்தது பிறர் களஞ்சியம் நிறைய! அந்த முதுகு நிமிர, நாளுக்கு அரைமணி அவளுக்கென்று வேண்டாமா? நலம் சீமானுக்குச் சொந்தம், நோவு ஏழைக்குச் சொந்தம் என்று எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?

டில்லிக்காரர்கள் நலத்தைப் பற்றிப் பேசாமலில்லை. 2015 ஜூன் 21 அன்று ராஜபாதையில் 35,985 பேரை அமர்த்தி, யோகா செய்வித்து, உலகச் சாதனை என்றார்கள். 2019 ஆகஸ்ட் 29 அன்று 'ஃபிட் இந்தியா' என்று முழங்கினார்கள். யோகத்தின்மீது நமக்குப் பகையில்லை. பாயை விரித்தவர்களே, நடைபாதையை விரித்தீர்களா? இருக்கும் நடைபாதையில் பாதியை மின்பெட்டி விழுங்க, மீதியில் மோட்டார் சைக்கிள் நிற்க, பாட்டி லாரிக்கு வழிவிட்டுச் சாக்கடை ஓரம் ஒதுங்குகிறாளே! கழிப்பறை இல்லாத பூங்காவுக்கு எந்தத் தாய் வருவாள்?

சுட்டுவிரல் டில்லியை நோக்கி நீளும்போது, மற்ற விரல்கள் நம்மை நோக்கி மடங்குகின்றன. பூங்காவும் விளையாட்டிடமும் நகராட்சிக்கு ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று, 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையிலேயே எழுதி வைத்தது. மன்றத்தில் அமர்ந்திருக்கும் தோழனே! உன் வட்டத்தில் ஒரு முதியவர் இடறாமல் நடக்க எத்தனை அடி பாதை உண்டு? அளந்து பார்த்தாயா?

பெரும்பணம் வேண்டும் என்று சாக்குச் சொல்லாதே. சப்பான் நாட்டில் 1928இல் வானொலி வழியே தொடங்கியது ஓர் எளிய உடற்பயிற்சி. போருக்குப் பின் சிறிது காலம் நின்று, 1951இல் மீண்டும் எழுந்தது. காலை 6.30 மணிக்கு அந்த இசை ஒலிக்க, பூங்காக்களில் முதியோர் கூடிக் கை வீசுகிறார்கள். ஒரு வானொலிப் பெட்டி, ஒரு திறந்த வெளி, அவ்வளவே முதல்!

நம்மிடம் படிப்பகங்கள் இல்லையா? மாலையில் ஏடு படிக்கும் இடத்தில், காலையில் பெரியவர்கள் கூடக் கூடாதா? நான்கு நாற்காலி போடு. குடிநீர் வை. வரத் தயங்கும் மூதாட்டியை உன் தாயோடு சேர்த்து அழைத்து வா.

94 வயதில், மூத்திரச் சட்டியைச் சுமந்தபடி, 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகர் மேடையில் முழங்கினாரே தந்தை பெரியார்! ஐந்து நாட்களில் மறையவிருந்த அந்தக் கிழவரை, "பேசாமல் உட்காருங்கள்" என்று மூலையில் அமர்த்தியிருந்தால், அந்த இறுதி முழக்கம் நமக்குக் கிடைத்திருக்குமா?

நாளைக் காலை உன் தந்தை செருப்பைத் தேடும்போது, தடுக்காதே. எடுத்துக் கொடு, உடன் நட!