பஸ் இரைச்சலோடு போட்டி போடும் வால்யூம்... பட்ஜெட் ஹெட்போனில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட், காலை ஏழரை மணி. நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவுடன் கல்லூரி மாணவர்கள் செய்யும் முதல் வேலை, காதில் இயர்போனைச் செருகுவது. வண்டி சீலநாயக்கன்பட்டியைத் தாண்டி வேகமெடுக்கிறது. ஜன்னலில் காற்று, காலுக்குக் கீழே இன்ஜின் உறுமல், எதிரே வரும் லாரியின் ஏர் ஹாரன், போதாததற்கு டிரைவர் தலைக்கு மேலே உள்ள ஸ்பீக்கரில் தொண்ணூறுகளின் பாட்டு. செல்போனில் ஓடுவது கேட்கவில்லை. விரல் தானாக வால்யூம் பட்டனுக்குப் போகிறது. மல்லூர் வருவதற்குள் ‘அதிக ஒலி காதைப் பாதிக்கும்’ என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. அதற்கும் ‘ஓகே’ தட்டிவிட்டு, முழு வால்யூமில் நாமக்கல் வரை பயணம் தொடர்கிறது.

தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். வாரத்துக்கு எப்படியும் 12 மணி நேரம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபலுக்குப் போனால் வாரம் முழுவதற்கும் சுமார் 20 நிமிடம். டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு கிடையாது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிறது. அதனால் வால்யூமை நாலைந்து புள்ளி குறைத்தாலே காதுக்குக் கிடைக்கும் அவகாசம் பல மடங்கு கூடும். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் ஒருமுறை செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. அதற்கு மருந்தும் இல்லை.

ஆகவே, ஹெட்போன் வாங்கும்போது ‘பேஸ் எப்படி அதிருது?’ என்று பார்ப்பதைவிட ‘வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்குது?’ என்று பார்ப்பதுதான் முக்கியம். அந்த வேலையைச் செய்வது ‘குளோஸ்டு பேக்’ ரக ஹெட்போன். காதின் மேல் உட்காரும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க மூடியிருக்கும். சல்லடை மாதிரி திறந்திருந்தால் அது ‘ஓப்பன் பேக்’. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் கொண்டுவந்த எச்டி 414 அந்த ரகம்தான். 1979-ல் சோனி வாக்மேனோடு வந்த ஸ்பாஞ்ச் ஹெட்போனும் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அமைதியான அறையில் அருமையாக இருக்கும் ஓப்பன் பேக்கை பஸ்ஸில் மாட்டினால், இன்ஜின் சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்து சீட்டுக்குப் போகும்.

நல்ல விஷயம், பட்ஜெட் விலையில் கடைகளில் தொங்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை குளோஸ்டு பேக்தான். ஆனால், கிண்ணம் மூடியிருந்தால் மட்டும் போதாது. பேட் காதோடு ஒட்டி உட்கார வேண்டும். ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் சத்தம் உள்ளே வரும், பேஸ் வெளியே போகும். கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு பிரேமின் கம்பியே அந்த இடைவெளியை உண்டாக்கிவிடும். ஜிமிக்கி, பெரிய தோடு போடுபவர்களுக்கும் இதே தொல்லை. தலையில் பூ வைத்திருந்தால் மேல்பட்டை சரியாக உட்காராது. தினமும் எந்தக் கோலத்தில் பஸ் ஏறுவீர்களோ, அதே கோலத்தில் கடைக்குப் போய் மாட்டிப் பார்ப்பதுதான் சரி. பத்து நிமிடம் மாட்டியிருந்தும் காது மடல் வலிக்கவில்லை என்றால் பாஸ்.

காதின் மேல் உட்காருவது ‘ஆன் இயர்’, காதையே சுற்றி மூடுவது ‘ஓவர் இயர்’. இரைச்சலைத் தடுப்பதில் ஓவர் இயர்தான் கெட்டி. ஆனால், சேலம் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் அதை மாட்டினால் காது வேர்த்து ஊற்றும். ஆன் இயர் லேசானது, மடித்துப் பையில் போடலாம்.

மாடல்களுக்கு வருவோம். சோனி எம்டிஆர் இசட்எக்ஸ் 110, ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் பழைய குதிரை. வயர் உண்டு, சார்ஜ் கவலை இல்லை, ஆன் இயர். ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்20 எக்ஸ் ஒலியில் இன்னும் பல படி மேலே, ஓவர் இயர். ஆனால், ஸ்டுடியோவுக்காகச் செய்தது என்பதால் 3 மீட்டர் வயர். பஸ்ஸில் அதைச் சுருட்டி வைப்பதற்குள் ராசிபுரம் வந்துவிடும். வயர் வேண்டாம் என்பவர்களுக்கு சோனி டபிள்யூஎச் சிஎச் 520 இருக்கிறது. 147 கிராம் எடை, ஒருமுறை சார்ஜ் செய்தால் 50 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். ஆனால் வயர் செருக வழியில்லை, சார்ஜ் தீர்ந்தால் அவ்வளவுதான். போட் ராக்கர்ஸ் 450-ல் புளூடூத், வயர் இரண்டும் உண்டு, பேட்டரி 15 மணி நேரம். விலை வாரத்துக்கு வாரம், பண்டிகைக்குப் பண்டிகை மாறும். அவசரம் இல்லாவிட்டால் தள்ளுபடி சீசன் வரை பொறுக்கலாம்.

வயர் ஹெட்போன் வாங்குகிறவர்கள் போனில் 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் டைப் சி அடாப்டர் வேண்டும். அதிலும் சில போன்களுக்கு ‘டிஏசி’ சிப் உள்ள அடாப்டர்தான் வேலை செய்யும். உங்கள் போனிலேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பெட்டியில் ‘இஎன்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது நீங்கள் பேசும்போது மைக்கில் புகும் சத்தத்தைக் குறைக்கும் வசதி. எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் லாபம். உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. வெளிச்சத்தத்துக்கு எதிர் அலையை உண்டாக்கி அதை அடக்குவது ‘ஏஎன்சி’. 1978-ல் விமானத்தில் போகும்போது இன்ஜின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லையே என்ற கடுப்பில் இதற்குக் கணக்குப் போட ஆரம்பித்தவர், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகனான அமர் போஸ். பஸ் இன்ஜினின் ஒரே சீரான உறுமலை ஏஎன்சி நன்றாகவே அடக்கும். திடீரென அலறும் ஏர் ஹாரனிடம் அதன் பாச்சா பலிக்காது. அங்கே கைகொடுப்பது மூடிய கிண்ணமும் பேட்டும்தான். ஏஎன்சி இல்லை என்பதற்காக நல்ல பொருத்தமுள்ள ஹெட்போனைத் தவிர்க்க வேண்டியதில்லை.

40 எம்எம், 50 எம்எம் டிரைவர் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். அளவு பெரிது என்பதால் ஒலி தரமாகிவிடாது. வயர்லெஸ் ஹெட்போனுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் பதிவு கட்டாயம். பெட்டியில் ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைத் தட்டினால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு வாங்கிய பதிவு என்று தெரிந்துவிடும். பில் வாங்க மறக்காதீர்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாடா தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்பே 90 டெசிபல்தான். தறி சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமானால் ஒலி எவ்வளவு ஏற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு ஹெட்போன் அங்கே பாதுகாப்புச் சாதனம் ஆகாது. தறிக்கூடத்தில் தேவை இயர் பிளக் அல்லது இயர் மஃப். இயர் பிளக் சில பத்து ரூபாய்க்கே கிடைக்கிறது. பகல் முழுக்கத் தறி ஓட்டிவிட்டு இரவில் படம் பார்ப்பவருக்கு அன்றைய கோட்டா ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். அவர் வால்யூம் பாதியைத் தாண்டக் கூடாது. தறியை நிறுத்திய பிறகும் காதுக்குள் ‘ங்ங்’ என்று இரைந்தாலோ, வீட்டில் டி.வி. சத்தத்தைப் பற்றி மற்றவர்கள் புகார் சொன்னாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துவிடுவது நல்லது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதற்கான பிரிவு இருக்கிறது.

டூவீலர் ஓட்டும்போது இந்த ஹெட்போன் வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தத்தைத் தடுப்பதற்காக வாங்கியது, பின்னால் வரும் லாரியையும் சேர்த்தே தடுக்கும். சாலையைக் கடக்கும்போது கழுத்துக்கு இறக்கிவிடுங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை. பழைய இயர்போனில் மல்லூர் தாண்டும்போது எத்தனையாவது புள்ளியில் வால்யூம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே பஸ், அதே பாட்டு, புது ஹெட்போன். ஒவ்வொரு ஹெட்போனின் ஒலித்திறனும் வேறு என்பதால் புள்ளி எண்ணை மட்டும் நம்ப முடியாது; பஸ் நின்று இன்ஜினை அணைத்த பிறகு, அதே வால்யூமில் கேட்டுப் பாருங்கள். ‘இவ்வளவு சத்தமாகவா வைத்திருந்தோம்?’ என்று தோன்றினால், பேட் உங்கள் காதில் ஒட்டவில்லை. மாற்றித் தர அவகாசம் இருக்கும்போதே கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

வேர்வை பட்டு ஒரு வருடத்தில் பேட் உரிய ஆரம்பிக்கும். மெல்லிய துணியால் தினமும் துடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும். உரிந்ததும் ஹெட்போனையே தூக்கிப் போட வேண்டாம்; பல மாடல்களுக்கு ஜோடி பேட் தனியாகக் கிடைக்கிறது. மாடல் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.