‘முயற்ச்சி’ என்று எழுதுகிறவர்களுக்கு யார் வாத்தியார்?



எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி போன வாரம் தன் அசைன்மென்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். கல்லூரியில் முதலாம் ஆண்டு. அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். தெருக்குழாயில் அம்மா எத்தனை மணிக்குப் போய் நிற்கிறார், யார் குடம் முன்னால் போகிறது, யார் குடம் கடைசியில் நிற்கிறது, எல்லாம் அதில் இருந்தது. திருத்திய ஆசிரியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ‘முயற்ச்சி’யைச் சுழித்திருந்தார். ‘வந்துச்சு’வைச் சுழித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ‘கொச்சை மொழி தவிர்க்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, பத்துக்கு மூன்று போட்டிருந்தார்.

அந்த ‘முயற்ச்சி’யைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வளர்ச்சி, மகிழ்ச்சி இரண்டையும் அந்த மாணவி சரியாகவே எழுதியிருக்கிறார். ‘ச்சி’ என்று முடியும் சொற்களின் விதி அவர் மனதில் பதிந்திருக்கிறது. ற், ட் என்ற வல்லின மெய்களுக்குப் பிறகு இன்னொரு மெய் வராது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதாவது, விதியைப் பிடித்துக்கொண்டு ஓரடி அதிகமாகப் போயிருக்கிறார். இதைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் சுழித்தவருக்கு அந்தத் தவறை வாசிக்கத் தெரியவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நெட், செட் அல்லது முனைவர் பட்டம் இருந்தால் கல்லூரியில் பாடம் எடுக்கலாம். எழுதக் கற்பிப்பது எப்படி என்று வகுப்பறைக்குள் நுழையும் முன் அவர் படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த இடம் நியூயார்க். 1969 ஏப்ரலில் ஹார்லெமில் உள்ள சிட்டி கல்லூரியின் வளாகத்தைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் கைப்பற்றினார்கள். ஊரெல்லாம் எங்கள் மக்கள் இருக்க, கல்லூரிக்குள் மட்டும் ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. (1913 முதல் 1916 வரை அம்பேத்கர் படித்த கொலம்பியா அங்கிருந்து இருபது தெரு தள்ளித்தான்.) 1970இல் நகரப் பல்கலைக்கழகம் கதவைத் திறந்தது. நகரத்தில் பள்ளி இறுதி முடித்த எவருக்கும் ஓர் இடம், அதுவும் கல்விக் கட்டணம் இல்லாமல்.

இலக்கியம் சொல்லிக்கொடுக்க வந்த பேராசிரியர்கள் அந்த மாணவர்களின் தாள்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். மீனா ஷாக்னெஸி என்ற ஆசிரியர் மட்டும் சுமார் 4,000 தாள்களை உட்கார்ந்து வாசித்தார். தவறுகளுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அவற்றுக்கு வரலாறு இருக்கிறது என்று 1977இல் நூலாக எழுதினார். அதற்கு முன்பே ஒரு கட்டுரையில், மாற வேண்டியவர் மாணவர் மட்டுமா என்று கேட்டிருந்தார். ஆசிரியர்கள் கோட்டையைக் காவல் காப்பதில் தொடங்கி, மாணவரிடமிருந்து தாங்களே கற்றுக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது அவர் வாதம். ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா போன்ற எழுத்தாளர்களும் அதே கல்லூரியில் பாடம் எடுத்தார்கள்.

இன்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுத்து கற்பிப்போருக்கான முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பெரும்பாலும் நான்கைந்து பாடங்கள். எழுத்து எப்படி உருவாகிறது, தாளை எப்படி வாசிப்பது, மதிப்பீடு எப்படி நியாயமாக இருக்கும், பிறகு நேரடி வகுப்பறைப் பயிற்சி. இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று நம் ஊரில் சிரிப்பார்கள். நமக்கு இது வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அங்கே எழுத்துப் பாடம் எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் பகுதிநேர ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும்தான். சான்றிதழ் வாங்கினாலும் சம்பளம் அதேதான். நம் கௌரவ விரிவுரையாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கசப்பானது, சிட்டி கல்லூரியின் கதவு அப்படியே திறந்திருக்கவில்லை என்பது. 1976இல் கட்டணம் வந்தது. 1999இல் நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளையே நிறுத்த முடிவெடுத்தார்கள். ஆசிரியரை மட்டும் பழக்கிவிட்டு, மாணவரை வாசலில் நிறுத்தினால் பழக்கியது யாருக்கு?

இன்னொரு கேள்வி எங்களுக்குள்ளேயே ஓயாமல் நடக்கிறது. ‘பொதுத்தமிழைக் கறாராகக் கற்றுக்கொடுங்கள், அதுதான் வேலைக்கும் வழக்குக்கும் உதவும்’ என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. வன்கொடுமைப் புகார் மனுவில் ஒரு சொல் தடுமாறினால் என்ன ஆகும் என்று காவல் நிலைய வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அதே சமயம், 1974இல் அமெரிக்காவின் கல்லூரி எழுத்து ஆசிரியர்கள் அமைப்பு, மாணவருக்குத் தன் மொழியில் உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டதையும் நாம் மறக்கக்கூடாது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட அந்த நூலை வகுப்பில் பாடமாக வைத்துக்கொண்டு, அதே மொழியில் மாணவர் எழுதினால் கொச்சை என்பது என்ன நியாயம்?

ஜூன் ஜோர்டன் பிற்பாடு இன்னொரு கல்லூரியில் எடுத்த வகுப்பில் இதற்கு ஒரு சம்பவம் நடந்தது. ஒரு மாணவரின் அண்ணன்தம்பிகளில் ஒருவரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. கண்டன அறிக்கையை எந்த ஆங்கிலத்தில் எழுதுவது என்று வகுப்பே விவாதித்தது. தங்கள் கறுப்பின ஆங்கிலத்தில்தான் என்று முடிவு செய்தார்கள். பத்திரிகை போடாது என்று தெரிந்தே எடுத்த முடிவு. பத்திரிகையும் போடவில்லை. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் இரண்டு மொழியும் தெரிந்து, விளைவும் தெரிந்து, அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்யும் ஆசிரியரைத்தான் நாம் கேட்கிறோம்.

எங்கள் மாணவி திங்கட்கிழமை மறுபடியும் தாளைக் கொடுக்க வேண்டும். ‘முயற்சி’யைத் திருத்திவிட்டார். குழாயடியில் அம்மா சொன்னதை அம்மா சொன்னபடியே மேற்கோளுக்குள் வைத்திருக்கிறார். ‘வந்துச்சு’ அங்கேயே நிற்கிறது. மதிப்பெண் எவ்வளவு வந்தது என்று அடுத்த பதிவில் எழுதுகிறோம்.