முதலில் ஈரத்தைக் கேளுங்கள், பிறகு விரிப்பை வெட்டுங்கள்

திம்புள்ளப் பகுதியில் ஹாட்வெயார் கடை நடத்துபவர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. தோட்டத்திலிருந்து வரும் ஒருவர், "முதலாளி, வீட்டுக்குக் கொங்கிரீட் போட்டாச்சு. மேல விரிக்க மலிவா ஏதாவது குடுங்க, நானே ஒட்டிக்கிறேன்" என்பார். நாமும் சுருளிலிருந்து வைனல் விரிப்பை வெட்டி, பசை டின் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். பல வருடங்களாக நானும் அப்படித்தான் விற்றேன்.

ஒரு ஜூன் மாதத்தில் அவ்வாறு வாங்கிச் சென்ற ஒருவர் இரண்டு மாதங்களில் திரும்பி வந்தார். விரிப்பு கொப்புளித்து, ஓரங்கள் கிளம்பி, அடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் சண்டை பிடிக்கவில்லை. "சம்பளத்துல மிச்சம் புடிச்சு வாங்கினது முதலாளி" என்று மட்டும் சொன்னார். பொருளில் குறையில்லை. தரை காய்ந்துவிட்டதா என்று கேட்காமல் விற்றது என் குறை.

கொங்கிரீட் இறுகுவது வேறு, காய்வது வேறு. ஓரங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும் எமது பகுதியில் இது இன்னும் நீளும். அடியில் பொலித்தீன் விரிக்காமல் போட்ட தரையானால் மண்ணின் ஈரமும் மேலேறிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் பசையைக் கெடுக்கும். மரத்தூளில் செய்த லெமினேட் பலகையை ஊதவைக்கும்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றின் நான்கு ஓரங்களையும் டேப்பினால் தரையோடு ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். அடிப்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் தரைக்குள் இருக்கிறது. மேற்பக்கம் மட்டும் துளிகள் இருந்தால் அது பனிக்காற்றின் ஈரம். இத்துண்டை நான் இப்போது இலவசமாகவே கொடுக்கிறேன்.

ஈரம் இருந்தால் என்ன செய்வது? வீட்டைச் சுற்றிக் கான் வெட்டித் தண்ணீரை விலக்குவது முதல் வேலை. அடுத்து, ஈரத்துக்கு அஞ்சாத சீமெந்துத் தரையையே சிபாரிசு செய்யலாம். பழைய தரையைக் கொத்தி, நனைத்து, சீமெந்துப் பால் பூசி, ஓரங்குலச் சாந்து போட்டு, அது காயுமுன் சாயத்தூள் கலந்த சீமெந்தைத் தேய்த்து, ஏழு நாட்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறைக்கு மூன்றரை மூடை சீமெந்தும் எட்டுக் கன அடி மணலும் போதும். வசதியுள்ளவர்களுக்கு, சீமெந்துப் பசையில் ஒட்டும் டைல்ஸ் பொருந்தும். அதே அறைக்கு இரண்டடிச் சதுர டைல்ஸ் 25. உடைசலுக்குச் சேர்த்து 28. வைனலை விரும்புபவரிடம் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வரட்சிக் காலம் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இப்படிச் சொன்னால் வியாபாரம் போய்விடாதா என்று சக வர்த்தகர்கள் கேட்கின்றனர். அன்றைய விற்பனை ஒன்று போகலாம்தான். ஆனால் லயன் அறைகளிலிருந்து 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகளுக்குக் குடும்பங்கள் மாறிவரும் காலம் இது. 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தரையோடு இவர்களின் தேவை முடிவதில்லை. கதவு, பெயின்ட், குழாய் என்று அடுத்தடுத்து வருவார்கள். 2022 இல் ரூபாய் வீழ்ந்து விலைகள் ஏறிய பின்னர், ஒரே வேலைக்கு இருமுறை பணம் செலவழிக்க அவர்களால் இயலாது.

அன்று கொப்புளித்த விரிப்புக்குப் பதிலாக மூன்றரை மூடை சீமெந்தை என் செலவில் கொடுத்தேன். அதன்பின் அவர் தன் லயத்திலிருந்து எத்தனையோ பேரை என் கடைக்கு அனுப்பிவிட்டார். அந்தச் சீமெந்தை நான் நட்டக் கணக்கில் எழுதவில்லை.