நாலு 'மச்சி' போதுமா?

இயந்திரம் எழுதியதில் நாலு 'மச்சி', ரெண்டு எழுத்துப்பிழை சேர்த்தால் மனித எழுத்தாகிவிடுமாம். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை ஏமாற்றலாம் என்கிறார் நண்பர். அந்தக் கருவிகளின் லட்சணம் தெரியாதா? 2023-இல் ஓபன்ஏஐ தன் கருவியைத் துல்லியம் போதாமல் கைவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் தாமே எழுதிய டோஃபல் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரக் கணக்கில் விழுந்தன.

கருவிகள் கிடக்கட்டும், எழுத்துக்கு வருவோம். எழுத்தாளர் ஜெயகாந்தன் சென்னைத் தமிழைக் கொத்தமல்லி மாதிரி கடைசியில் தூவவில்லை; அதைப் பேசியவர்களோடு பழகினார். பாலவாக்கம் கடற்கரை என்றதும் இயந்திரம் 'ரம்மியமான அலைகள்' என்கிறதா? பக்கத்தில் 'செம' போடாதீர்கள். இன்று படகு ஏன் இறங்கவில்லை என்று குப்பத்தில் போய்க் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். எழுத்துப்பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம்.