முதல் நகர்த்தலில் வெற்றி இருக்கிறதா?

“சார், முதலில் எந்தக் காயை நகர்த்தினால் ஜெயிக்கலாம்?”

அவலூர்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. சதுரங்கப் போட்டி ஒன்றுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தான். எதிரே அமர்ந்த நகரத்துப் பையன் முதல் பத்து நகர்த்தல்களை யோசிக்காமலே மடமடவென்று வைத்தானாம். “அவனுக்கு ஓப்பனிங் எல்லாம் மனப்பாடம், சார். எங்களுக்கு யார் சொல்லித் தருவார்கள்?” என்று குறைபட்டுக் கொண்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஆட்டத்தின் தொடக்கத்தை மனப்பாடம் செய்வதைவிட, அந்தத் தொடக்கம் பலகையில் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வதே பள்ளி மாணவனுக்கு முக்கியம். அதைப் புரிந்துகொள்ள நகரத்துப் பயிற்சி மையம் தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு நோட்டும் போதும்.

முதலில் எண்ணிப் பார்ப்போம். வெள்ளைக்காரருக்கு முதல் நகர்த்தலில் எத்தனை வாய்ப்புகள்? எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது 16. குதிரைகள் இரண்டுக்கும் இரண்டிரண்டு வழிகள், அது 4. ஆக மொத்தம் 20. கறுப்புக்கும் 20. ஆளுக்கு ஒரு முறை நகர்த்தியதுமே 400 நிலைகள்! ஆளுக்கு இரண்டு முறை நகர்த்துவதற்குள் ஆட்டம் 1,97,281 வழிகளில் சென்றிருக்கலாம். இவ்வளவையும் யாரால் மனப்பாடம் செய்ய முடியும்?

அப்படியானால் எந்த நகர்த்தல் நல்லது? ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு, எதிராளி குறுக்கிடவில்லை என்று வைத்துக்கொண்டு, அடுத்து நமக்குள்ள வழிகளை எண்ணுங்கள். மந்திரிக்கும் ராணிக்கும் பாதை திறந்துவிட்டதால் 30 வழிகள் கிடைக்கும். ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை அப்படி நகர்த்தினால் 28. மூலையில் யானைக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால் 21 மட்டுமே. “ஆகா, அளவுகோல் கிடைத்துவிட்டது” என்று மகிழத் தோன்றுகிறதல்லவா?

சற்றுப் பொறுங்கள். ராஜாவின் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தினாலும் அதே 30 வழிகள்தாம் வருகின்றன. ஆனால் சிறந்த ஆட்டக்காரர்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. ராஜா பக்கத்துக் குதிரையை முன்னே கொண்டு வந்தால் 22 வழிகளே. அதையோ உலகச் சாம்பியன்களே ஆடுகிறார்கள். காரணம் என்ன? பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்கள். நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். மூலையில் நிற்பது இரண்டை மட்டுமே. நடுவைப் பிடித்தவன் இரு பக்கமும் விரைவாகப் போகலாம். இரண்டு கட்டம் சென்ற சிப்பாய் நடுவில் இடம் பிடிக்கிறது. குதிரை நடுக்கட்டங்களைத் தாக்குகிறது. வழிகளை எண்ணும் நம் அளவுகோலில் இது தெரியாமல் போயிற்று. எண் சரியாக இருந்தாலும் எதை அளக்கிறோம் என்பதில் தவறலாம் என்பது ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும் பாடம்.

எல்லாத் தொடக்கமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டமும், அடுத்து அந்தப் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டமும் நகர்த்திப் பாருங்கள். கறுப்பு தன் ராஜாவின் சிப்பாயை முன்னரே நகர்த்தியிருந்தால், அதன் ராணி மூலைவிட்டமாக வந்து இரண்டாவது நகர்த்தலிலேயே ஆட்டத்தை முடித்துவிடும்! கெட்ட தொடக்கங்கள் உண்டு. ஆனால் நல்ல தொடக்கம் ஒன்றே ஒன்றுதான் என்பது சரியல்ல.

ஒரு தொடக்கத்தின் தகுதி ஆட்டத்தின் விதியையும் பொறுத்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் திண்ணைகளில் பெரியவர்கள் பழைய நாட்டு முறையில் ஆடுவார்கள். அதில் சிப்பாய் முதல் முறையும் ஒரே கட்டம்தான் போகும். அங்கே முதல் நகர்த்தலுக்கு 20 வாய்ப்புகள் இல்லை, 12 தாம். ஒரே பாய்ச்சலில் நடுவைப் பிடிக்க முடியாத அந்த ஆட்டத்தில் படைகளை மெல்ல மெல்ல அடுக்குவதே அறிவுடைமை. எறிபொருளை 45 பாகைக் கோணத்தில் எறிந்தால் மிகத் தொலைவு செல்லும் என்று படிக்கிறோம். காற்றின் தடை இல்லாமல், எறிந்த மட்டத்திலேயே விழுந்தால்தான் அது உண்மை. நிபந்தனை மாறினால் விடையும் மாறும்.

அந்த நாட்டு முறையிலிருந்துதான் உலகுக்கு ஒரு கொடை கிடைத்தது. 1850களில் கல்கத்தாவில் மகேசந்திர பானர்ஜி என்பவர் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வல்லுநருடன் பல ஆட்டங்கள் ஆடினார். கறுப்புக் காய்களை ஆடும்போது அவர் பல முறை நடுவை உடனே பிடிக்கவில்லை. குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அது விட்ட இடத்தில் மந்திரியை நிறுத்தி, அங்கிருந்து மூலைவிட்டமாக நடுவைத் தாக்கினார். செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சமவெளியைக் காக்க அங்கே படை சமவெளியில் நிற்கவில்லை. குன்றின் மேல் நின்றது. அக்கால ஐரோப்பியருக்கு இந்த முறை விந்தையாகத் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டிலோ பிஷரும் காஸ்பரோவும் அதே வகைத் தற்காப்பை ஆடி வென்றார்கள். அதன் பெயரிலேயே ‘இந்திய’ என்ற சொல் இருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் நெடுங்காலம் ராஜாவின் சிப்பாயைக் கொண்டே ஆட்டத்தைத் தொடங்கி வந்தவர். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்து உலகச் சாம்பியன் பட்டத்துக்கு ஆடியபோது, ராணியின் சிப்பாயைக் கொண்டு தொடங்கி எதிராளியைத் திகைக்க வைத்தார். 6½–4½ என்று வென்றார். அப்படியானால் ராணியின் சிப்பாய்தான் சிறந்ததா? இல்லை. அந்தப் போட்டியில் அவருடைய மூன்று வெற்றிகளில் இரண்டு கறுப்புக் காய்களால் கிடைத்தவை. கடைசி ஆட்டத்தில் அவரே பழைய ராஜாவின் சிப்பாய்க்குத் திரும்பினார்! தொடக்கத்தை அவர் எதிராளிக்கேற்பத் தேர்ந்தெடுத்த கருவியாகவே பயன்படுத்தினார்.

2024இல் சிங்கப்பூரில் சென்னையின் குகேஷ் ஆடிய போட்டி இன்னும் தெளிவான சான்று. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன், புகழ்பெற்ற ராஜாவின் சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார், தோற்றார். கடைசியான 14ஆவது ஆட்டத்தில் அவருக்குக் கறுப்பு. நெடுநேரம் ஆட்டம் சமநிலையிலேயே இருந்தது. டிங் லிரென் தம் 55ஆவது நகர்த்தலில் தவறினார்; குகேஷ் அதைக் கண்டுகொண்டார். 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அந்த வெற்றி பிறந்தது 55ஆவது நகர்த்தலில், முதல் நகர்த்தலில் அன்று.

“பெரிய ஆட்டக்காரர்கள் தொடக்கங்களை மனப்பாடம் செய்வதில்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறார்கள், நிறையவே செய்கிறார்கள். இருவரும் ஏறத்தாழச் சம வலிமை உள்ளவர்களாக இருக்கும்போது நூலிழை வேறுபாடும் பயன்படும். வல்லுநர்களின் ஆட்டங்களில் வெள்ளை பெறும் புள்ளிகள் நூற்றுக்கு ஏறத்தாழ 52 முதல் 56 வரைதான். முதலில் ஆடுவதன் முழுப் பயனே அவ்வளவு என்றால், நல்ல தொடக்கங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு எவ்வளவு சிறியதாக இருக்கும்! பள்ளி மாணவர்களின் ஆட்டம் பத்தாவது நகர்த்தலில் முடிவாவதில்லை. கவனிக்காமல் இழக்கும் குதிரையாலும் யானையாலும்தான் முடிவாகிறது.

2017இல் உருவான ஆல்ஃபாசீரோ என்ற கணினி நிரலையும் எண்ணிப் பாருங்கள். அதற்கு விதிகளை மட்டுமே கொடுத்தார்கள். மனிதர் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூடக் காட்டவில்லை. தனக்குத் தானே கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, மனிதர்கள் பல நூற்றாண்டுகளில் கண்ட பெயர்பெற்ற தொடக்கங்களைத் தானே கண்டுபிடித்தது. நம்மால் கோடி ஆட்டங்கள் ஆட முடியாது. ஆனால் ஒரு நகர்த்தலுக்கு, “ஏன்?” என்று கேட்க நம்மால் முடியும், அது நம்மை வெகுதூரம் கொண்டு செல்லும்.

ஆகவே அந்த மாணவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்களுக்கும் அதுவே. ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்து இருபது ஆட்டங்கள் ஆடுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். தோற்ற ஆட்டத்தில் எந்த நகர்த்தலில் தவறினீர்கள் என்று தேடிக் கண்டு, அந்த எண்ணை வட்டமிடுங்கள். இருபது ஆட்டம் முடிந்ததும் வட்டங்களை எல்லாம் பாருங்கள். அவற்றில் எத்தனை முதல் ஐந்து நகர்த்தல்களுக்குள் வருகின்றன?

பத்து நாள் கழித்து அவன் நோட்டைக் கொண்டு வந்தான். அதுவரை ஏழு ஆட்டங்களில் தோற்றிருந்தான். மிகச் சிறிய வட்டமிட்ட எண் 14. “சார், ஓப்பனிங்கில் நான் தோற்கவே இல்லை!” என்றான். அடுத்த போட்டிக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டான்.